இரண்டு சட்டையும் ஒரு படமும்

பெயிண்ட் கடையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஷேடு அண்ணன் என்றால்தான் தெரியும். சுவரிலிருந்து பெயர்த்த நகக்கண் அளவு சில்லைக் கொண்டுவந்து, "இதே கலர் வேணும்" என்று நீட்டுவார்கள். அண்ணன் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கலக்கும் இயந்திரத்தில் எதையோ தட்டுவார். டப்பாவைக் குலுக்கித் திறந்தால் அச்சு அசல் அதே நிறம். "இவன் வீட்டுக்குப் போறப்ப கண்ணை மட்டும் கழட்டி வெச்சிட்டுப் போகச் சொல்லணும்" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சம்பளப் பேச்சு வந்தால் மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது.

வாரம் முழுக்க நிறங்களோடு மாரடித்தவருக்கு விடுமுறையன்று நிறமே ஆகாது. பழைய கேமரா ஒன்றை வாங்கி, அதைக் கருப்பு வெள்ளையில் திருப்பிவைத்தவர் திருப்பியதுதான். தெருத்தெருவாக அலைவார். படிக்கட்டில் விழும் நிழல், குடையோடு போகிறவரின் முதுகு, மூடிய ஷட்டர் முன்னால் தூங்கும் கூலியாள் என்று எடுத்துத் தள்ளுவார். கேமரா நண்பர்கள் புத்தி சொன்னார்கள். "கலர்லயும் ஒரு காப்பி சேமிச்சு வைங்கண்ணே, பின்னாடி ஒரு அவசரத்துக்கு உதவும்." அண்ணன் கேட்டால்தானே! "கலரை ஒளிச்சு வெச்சுக்கிட்டுக் கருப்பு வெள்ளை எடுக்கறதுக்கு எடுக்காமயே இருக்கலாம்" என்பார். பிடிவாதத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதர்.

கைக்காசைப் போட்டு ஊர் ஊராகவும் போவார். ஒருமுறை மனைவியையும் கடலோரம் கூட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் படகு இருக்கிறது, வலை இருக்கிறது, யாரோ ஒரு கிழவரின் கால் இருக்கிறது, மனைவியைக் காணோம். "நானும் வந்தேன்னு நம்பறதுக்கு டிக்கெட்டையாவது படம் எடுத்திருக்கலாம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போயிருந்தது.

வீட்டில் அப்பா இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வயதான காலத்தில் மறதி நோய் பிடித்து, மகனையே மறந்துபோனார். கேமராவும் கையுமாகப் பார்த்துப் பார்த்து, "போட்டோக்காரரே" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது அண்ணன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். மருமகளை மட்டும் பெரியவர் "அம்மா" என்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது எல்லாம் அவள்தான். கதவு திறந்தால் போதும், டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று பெரியவர் கிளம்பிவிடுவார்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரக்கடைசியில் மனைவி அங்கே போக வேண்டி வந்தது. போகும்போது சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "கதவு பத்திரங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கணும்."

"எங்கப்பாவை நான் பாத்துக்க மாட்டேனா? நீ போ" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் வந்தது. அண்ணன் கேமராவோடு உட்கார்ந்திருந்தார். பெரியவர் இரண்டு கையிலும் இரண்டு சட்டையோடு வந்து நின்றார்.

"போட்டோக்காரரே, இதுவா, அதுவா?"

அண்ணன் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எதுவா இருந்தா என்னப்பா, போட்டோல ரெண்டும் ஒண்ணுதான். சீக்கிரம் ஒண்ணைப் போட்டுட்டு வந்து இங்க உக்காருங்க."

பெரியவர் சொன்னபடி கேட்டார். பாதி முகத்தில் வெயில், பாதி முகம் இருட்டு. தாடை எலும்பு, கழுத்துச் சுருக்கம், காலர் ஓரம் பிரிந்த நூல் வரைக்கும் விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படம் அமைந்ததே இல்லை. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெயில் போவதற்குள் தெருவிலும் நாலு படம் எடுத்துவிடலாம் என்று ஓடினார். கதவைச் சாத்தினார், பூட்டவில்லை. தெருமுனையில் ஒரு சைக்கிள்காரரின் நிழல் நீளமாக விழுந்தது. அதன் பின்னாலேயே இரண்டு தெரு போனார்.

திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது.

முதலில் தெரு, பிறகு கடைவீதி, பிறகு பஸ் நிலையம். எங்கேயும் இல்லை. கை ஓடாமல் கால் ஓடாமல் காவல் நிலையத்துக்குப் போய்ப் படத்தைக் காட்டினார். காவலர் கேமராவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாதி மூஞ்சியக் காணோமே சார். நல்லதா வேற இல்லையா?"

இருந்தவை எல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தியவை. பெரியவர் அப்போது குண்டாக, மீசையோடு இருந்தார்.

"சரி, சட்டை என்ன கலர்? அதைப் போட்டாத்தான் நம்ம ஆளுங்களுக்கு அடையாளம் தெரியும்."

அண்ணன் படத்தைப் பார்த்தார். சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஒரே தையலில் இரண்டு சட்டை, ஒன்று இலைப்பச்சை, மற்றது செங்கல் சிவப்பு. இந்தக் கேமராவில் இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் விழும். அது அவருக்குத் தெரியும். அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அதில் இரண்டுமே இல்லை.

"என்ன சார், தெரியுமா தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிறத்தையும் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆனால் எதிரே நின்ற இன்னொரு காவலர் போன மாதம்தான் வீட்டுக்கு வண்ணம் அடிக்கக் கடைக்கு வந்துபோனவர். "இவரு ஷேடு அண்ணன்ப்பா. இவருக்கா கலர் தெரியாது?" என்றார். பெற்ற அப்பாவை எதிரே உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டு, என்ன சட்டை போட்டிருந்தார் என்று தெரியாது என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை.

"பச்சை" என்றார்.

படமும் 'பச்சைச் சட்டை' என்ற செய்தியும் ஊரில் இருக்கிற கைப்பேசிக்கெல்லாம் போயின. நண்பர்கள் வண்டி எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் பறந்தார்கள். அண்ணனும் பச்சையைத் தேடியே அலைந்தார். பச்சை கண்ணில் பட்ட இடமெல்லாம் ஓடினார். எல்லாம் யார் யாரோ. இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது.

விடிந்து மனைவி வந்து சேர்ந்தாள். வந்ததும் நேராகப் பெரியவரின் கட்டிலுக்குப் போய்த் தலையணை உறைக்குள் கையை விட்டாள். கிடைத்ததையெல்லாம் அதற்குள் திணித்துவைப்பது அவர் வழக்கம். கையோடு பச்சைச் சட்டை வெளியே வந்தது.

"அப்ப மாமா சிவப்புச் சட்டையிலதாங்க போயிருக்காரு" என்றாள்.

அண்ணன் கைப்பேசியை எடுத்தார். காவல் நிலைய எண்ணை அழுத்துவதற்குள் அதுவே அடித்தது.

ஊர் எல்லையில் பஸ்கள் திரும்பும் இடத்தில், கூரை பிய்ந்த நிழற்குடைக்குள் பெரியவர் சுருண்டு கிடந்தார். செங்கல் சிவப்புச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உயிர் இல்லை. எதிரில் டீக்கடை வைத்திருந்தவர் கையைப் பிசைந்துகொண்டு அண்ணனிடம் வந்தார்.

"நேத்து பூரா இங்கதான் சார் இருந்தாரு. வர்ற பஸ்ஸையெல்லாம் கையத் தட்டி அனுப்பிக்கிட்டு இருந்தாரு. டீ, பன்னு எல்லாம் கொடுத்தேன். எனக்கும் அந்த மெசேஜ் வந்துச்சு. சந்தேகமாத்தான் இருந்துச்சு, ஆனா பச்சைச் சட்டைன்னு போட்டிருந்துச்சே. இவரு சிவப்பு. சரி, அவரு வேற யாரோன்னு கடையச் சாத்திட்டுப் போயிட்டேன். தப்புதான் சார்."

"உங்க தப்பு இல்லைங்க" என்றார் அண்ணன்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்து போனார்கள். வீட்டில் இருவர் மட்டும். கேமரா அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. மனைவி பச்சைச் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அண்ணன் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தினமும் காலையில ரெண்டு சட்டையும் தூக்கிட்டு வந்து, 'இதுவாம்மா, அதுவாம்மா'ன்னு என்கிட்ட கேப்பாரு. நான் சொல்றதைத்தான் போடுவாரு. அன்னைக்கு உங்ககிட்ட கேக்கலியாங்க?"

"கேட்டாரு."

"நீங்க எதைச் சொன்னீங்க?"

அண்ணன் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேன்" என்றார்.