வெளுத்த மோதிரம்

சந்துசா சண்டை போடமாட்டாள், பார்ப்பாள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், சுரங்க வாயிலில் கொட்டும் கழிவுக்கல்லில் தங்கம் தேட உட்கார்ந்தாள். இருபத்து நான்கு வருஷமாக அதே வேலை. சுரங்கத்துக்குள் பெண்கள் போகக் கூடாது. மலையே ஒரு பெண்ணாம். இன்னொருத்தி உள்ளே வந்தால் வயிற்றெரிச்சலில் தங்கத்தை ஒளித்துவிடுவாளாம். மற்ற பெண்கள் அந்த மலையைத் திட்டுவார்கள். சந்துசாவுக்கு மட்டும் மலையின் மேல் கோபம் வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கு சூப்பை அவள் நீட்டியபோது, வாங்கிய புருஷனின் விரலில் கல்யாண மோதிரம் தகரம் போல வெளுத்திருந்தது.

"மோதிரத்துக்கு என்னாச்சு?"

"சோப்பு பட்டிருக்கும்," என்றான் சிரிலோ, தலை நிமிராமல்.

சோப்பு தங்கத்தை வெளுக்காது. பாதரசம்தான் வெளுக்கும். இரும்பைத் தொட்டால் உருண்டு ஓடிவிடும். தங்கத்தைக் கண்டால் போதும், ஒட்டிக்கொண்டு விடாது. சிரிலோ பாறை உடைக்கிற சுரங்கத்துக்குள் பாதரசத்துக்கு வேலை இல்லை. ஆட்டுப்பாறையில்தான் அது இருக்கும். பெரிய பாறையின் மேல் பலகை கட்டி, ஒருவர் ஏறி நின்று இடுப்பை அசைத்து ஆட்ட, அடியில் கல்லும் தண்ணீரும் பாதரசமும் அரைபடும். சந்துசாவிடம் ஆட்டுப்பாறை இல்லை. பொறுக்கிய கல்லை அப்படியே விற்றுவிடுவாள். ஊரில் ஆட்டுப்பாறை இரண்டே பேரிடம் இருந்தது: மனைவியை இழந்த மெல்க்கியாதெஸ், புருஷனை இழந்த ஒர்த்தென்சியா.

மறுநாள் அவள் நேராக ஒர்த்தென்சியாவிடம் போனாள்.

"அக்கா, சிரிலோ இங்க வந்தாரா?"

"வராம? ஞாயித்துக்கிழமையானா வந்து ஆட்டிக் குடுப்பாரே. என் இடுப்பு போச்சுடி தங்கச்சி. உன் புருஷனுக்கு நல்ல இடுப்பு!" ஒர்த்தென்சியா வாய்விட்டுச் சிரித்தாள்.

"பந்தாட்டம் பாக்கப் போறேன்னாரு."

"பந்து உருண்டா என்ன, பாறை உருண்டா என்ன?"

"மோதிரம் வெளுத்திருக்கு."

"அதுவா? எப்பவும் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டுத்தான் பாறை மேல ஏறுவாரு. இந்த வாரம் பேச்சு மும்முரத்துல மறந்து, மோதிரத்தோடயே பாதரசத்த அள்ளிட்டாரு."

சந்துசா ஆணியைப் பார்த்தாள். மேலும் கீழும் துரு. நடுவில், மோதிரம் தொங்கித் தேய்த்த இடம் மட்டும் பளபளத்தது. வெளுத்த மோதிரம் அவளை அவ்வளவு சுடவில்லை. இந்தப் பளபளப்பு சுட்டது. தன்னிடம் சொல்லாமல் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அது இங்கே தொங்கியிருக்க வேண்டும்!

"எப்பலேருந்து?"

"திருவிழா முடிஞ்சதுலேருந்து. ஏன்டி, நான் என்ன உன் புருஷனைத் தின்னுட்டேனா?"

சந்துசா குனிந்தாள். காலடியில் கிண்ணத்தில் பாதரசம் இருந்தது. தன் கல்யாண மோதிரம் இருந்த இடது கையை அதில் விட்டாள்.

"அடிப்பாவி, மோதிரத்தக் கழட்டுடி!"

கழற்றவில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள். மஞ்சள் போய் வெள்ளை வந்தது.

அன்றும் சூப்தான். கிண்ணத்தைச் சிரிலோ முன் வைத்துவிட்டுக் கையை அங்கேயே வைத்திருந்தாள். அவன் கரண்டி பாதியில் நின்றது.

"உன் மோதிரத்துக்கு என்ன?"

"சோப்பு பட்டிருக்கும்."

"விளையாடாதடி. யாரு பாறைக்குப் போன?"

"உனக்குத் தெரியாத பாறையா?"

"மெல்க்கியாதெஸ் பாறையா?"

மெல்க்கியாதெஸை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் இல்லை என்று சொல்லவில்லை. "சூப் ஆறுது," என்றாள்.

"நான் சும்மா ஆட்டித்தான் குடுத்தேன் சந்துசா. சத்தியமா."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

மோதிரத்தை நெருப்பில் காட்டினால் பாதரசம் பறந்துவிடும், தங்கம் தங்கும். பழைய மினுக்கம் மட்டும் வராது. இரண்டு பேரும் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிரிலோ பந்தாட்டம் என்று வாய் திறக்கவில்லை. சந்துசா நல்ல தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், மெல்க்கியாதெஸ் வீட்டுப் பக்கமாக மேட்டில் மெதுவாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சரளைக்கல்லில் அவன் பூட்ஸ் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.