ஊட்டு டெம்ப்ளேட்

அன்று வாசலில் இருந்தவர்கள்: அம்மா. நான். என் மனைவி. பலாமரத்தில் கட்டிய வெள்ளாடு.

மனைவி மடியில் லேப்டாப். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் பரீட்சை வைத்திருந்தது. தேறினால் போய்விடுவாள். நான் ஐந்தாவது வரைதான். பக்கத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

பழகுவதற்கு எங்களையே எழுதியிருந்தாள். ஊடு என்று ஒரு டேக்; எங்கள் பேச்சில் வீடு. அதற்குள் ஆள், ஆள், ஆள், ஆடு. விவரங்களுக்கு இப்படிப் பெயர் ஒட்டி எழுதுவது எக்ஸ்எம்எல் என்றாள். அதைத் திரையில் பார்க்கும் வலைப்பக்கமாக மாற்ற இன்னொரு ஃபைல். அதில்தான் டெம்ப்ளேட்டுகள். இது வந்தால் இப்படிக் காட்டு என்று ஒவ்வொன்றும் சொல்லும்.

முதலில் டெம்ப்ளேட் ஒன்றும் எழுதாமல் ஓட்டினாள். பெயர்கள் இடைவெளி விடாமல் ஒரே வரியில் கொட்டின.

“என்ன கண்ணு, ஆட்டையும் என்னையும் ஒரே சாக்குல கட்டிப்போட்ட?” என்றாள் அம்மா.

“டெம்ப்ளேட் இல்லாட்டி வெறும் எழுத்தத்தான் கொட்டுமுங்க அத்தை.”

ஊட்டுக்கு, ஆளுக்கு, ஆட்டுக்கு என்று தனித்தனியாக எழுதினாள். ஓட்டினாள். ‘எங்க ஊடு’ என்று தலைப்பு மட்டும் வந்தது. ஆள் இல்லை. ஆடும் இல்லை.

எழுதியதை மேலிருந்து ஒருமுறை படித்தாள். பிறகு சிரித்தாள்.

“ஏனுங்க, ஊட்டோட நின்னுருச்சு. உள்ள இருக்கறவங்களயும் பாருன்னு ஊட்டு டெம்ப்ளேட்டுல சொல்லோணுமுங்க. சொன்னாத்தான் உள்ள போவும். ஆளப் பாத்தா ஆள் டெம்ப்ளேட், ஆட்டப் பாத்தா ஆட்டு டெம்ப்ளேட்.”

“சொல்லாட்டி?”

“ஊடு மட்டும் நிக்குமுங்க.”

ஒரு வரி சேர்த்தாள். எல்லோரும் வந்தோம். கடைசியில் ஆட்களை எண்ணிப் போடவும் ஒரு வரி எழுதினாள்.

தேறிவிட்டாள். காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தடுக்கவில்லை. திரும்பி வருவாயா என்று கேட்கவும் இல்லை.

பலாமரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். மிளகு இல்லாத நாளிலும் அங்கேதான் உட்காருகிறேன்.

போன மாதம் போனில் ஆட்டை விற்றதைச் சொன்னேன்.

“அப்படீங்களா? ஃபைல்ல எடுத்துடறேனுங்க” என்றாள்.

அந்த ஃபைலை இன்னும் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரியும்.

மறுநாள் அந்த வலைப்பக்கம் என் போனுக்கு வந்தது. ஆடு இல்லை. அம்மா இருந்தாள். நான் இருந்தேன். எனக்குக் கீழே அவள் பெயர். அதற்கும் கீழே எண்ணிக்கை.

ஆட்கள்: 3