ஐலீன் எழுதிய வீட்டுப்பாடம்

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டும் அறிவிப்புகளை எல்லாம் ஐலீன்தான் எழுதுவாள். அச்சடித்த மாதிரி கையெழுத்து. லாயாங் லாயாங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு முதுகு போனதும் படிவம் மூன்றோடு படிப்பை விட்டுவிட்டுத் தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு வந்தாள். பதினேழு வருஷமாகத் தகடுகளில் குறை பார்க்கும் வேலை. கணவன் செபஸ்தியன் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறான். ஒரே மகள் மெலிசா, ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு.

மெலிசாவுக்கு வாசிக்க வராது. காதால் கேட்டால் ஒரு பாடத்தை முழுதாக ஒப்பிப்பாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்பிப்பாள். முட்டாள் இல்லை. நான் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கென்று படித்து, இருபத்திரண்டு வருஷம் அதே வேலை பார்த்தவள். மூளை ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்ய மறுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இது டிஸ்லெக்சியாவாக இருக்கும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று இரண்டாம் ஆண்டிலேயே சொன்னேன்.

செபஸ்தியன் கேட்கவில்லை. "புத்தகத்தைப் பாருங்க ஆன்ட்டி, பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார் வாங்கியிருக்கா. என் பிள்ளைக்கு ஊனம்னு கார்டு எடுக்கச் சொல்றீங்களா?"

வீட்டுப்பாடத்தில் ஸ்டார், தேர்வில் முட்டை. இந்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் முட்டை வந்த பிறகுதான் பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான். அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க ஏழு மாதம் ஆனது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலாய்வழித் தேசியப் பள்ளி ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியை இருக்கிறார். மொத்தம் பத்து இடம். மாதக் கடைசிக்குள் மருத்துவரின் கடிதம் போனால் அடுத்த ஆண்டு மெலிசாவுக்கு ஓர் இடம். எங்களிடம் மூன்று வாரம் இருந்தது.

ஐலீனோடும் மெலிசாவோடும் நானும் மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் இளம் மலாய்ப் பெண். வகுப்பாசிரியை தேன்மொழியின் அறிக்கையை மொழிபெயர்ப்போடு வாசித்தார். வீட்டுப்பாடம் மிகச் சிறப்பு, தேர்வில் கவனமில்லை, சோம்பல் என்று இருந்தது. ஆறு பயிற்சிப் புத்தகங்களையும் புரட்டினார். இவ்வளவு எழுதுகிற பிள்ளைக்கு எழுத்துச் சிக்கல் இருக்க வாய்ப்பு குறைவு, முதலில் கண்ணைச் சோதியுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். பத்தே நிமிடத்தில் வெளியே நின்றோம்.

நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தேன். அதுவரை நான் திறந்ததில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவர்களை இடது கையால் எழுதப் பழக்கியிருக்கிறேன். அந்த எழுத்து எனக்குத் தெரியும். கோடு நடுங்கும், எழுதிய வரியின் மேலேயே கை உரசிப் பென்சில் கரி இழுபடும். புத்தகம் முழுக்க அதே எழுத்து. மெலிசாவுக்கோ வலது கைப் பழக்கம்.

"இது யாரு எழுதினது ஐலீன்?"

"வலது கையால எழுதினா டீச்சர் கண்டுபிடிச்சிருவாங்க ஆன்ட்டி."

"எத்தனை நாளா?"

"ரெண்டாம் ஆண்டுலேர்ந்து. ஸ்டார் இல்லாம வந்தா இவரு திட்டுறாரு, பிள்ளை அழுவுது. நான் என்னதான் செய்ய?"

"அம்மா ரெண்டு தப்பு வச்சுத்தான் எழுதுவாங்க," என்றாள் மெலிசா, பெருமையாக.

"உள்ளே போய்ச் சொல்லு."

"ஏமாத்துனேன்னு எப்படி ஆன்ட்டி சொல்றது?"

"வாயாலதான். போ."

அரை மணி நேரம் கதவருகே நின்றாள். இரண்டு நோயாளிகள் உள்ளே போய் வந்தார்கள். மூன்றாவது ஆள் எழுந்தபோது, அவரை மறித்துக்கொண்டு இவள் நுழைந்தாள். மருத்துவர் கோபப்படவில்லை. மெலிசாவை ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மூன்று எழுத்து, அதில் ஒன்று திரும்பி நின்றது. ஆனாலும் பள்ளி அறிக்கையைத் தன்னிஷ்டத்துக்குத் தள்ளிவைக்க முடியாதாம். பள்ளி திருத்திக் கொடுத்தால் அன்றே கடிதம் தருவதாகச் சொன்னார்.

மறுநாள் பள்ளியில் தேன்மொழி டீச்சர் புத்தகத்தையும் ஐலீனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா உங்களுக்கா ஸ்டார் போட்டேன்?"

"ஆமா டீச்சர்."

"எனக்கும் சந்தேகம் வந்துச்சு. முப்பத்தாறு புத்தகம் திருத்தணும், விட்டுட்டேன்." அங்கேயே உட்கார்ந்து புதிய அறிக்கை எழுதினார். அதற்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும். அவர் மூன்று வாரப் பயிற்சிக்குப் போயிருந்தார். வந்ததும், பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் தன் பள்ளியில் ஒரு தலை குறையும் என்று நான்கு நாள் யோசித்தார். கையெழுத்தாகி, மருத்துவர் கடிதமும் சேர்ந்து போனபோது மாதம் முடிந்து மூன்று நாள்.

செபஸ்தியன் இரண்டு நாள் கத்தினான். பிறகு மெலிசாவை எதிரில் உட்காரவைத்து அவன் பெயரை எழுதச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் கத்தவில்லை.

எனக்கு எல்லார் மேலும் கோபம். பிள்ளை எழுதாததை எழுதினவள், அதற்கு ஸ்டார் போட்டவர், ஸ்டாரை நம்பினவன், தலையை எண்ணினவர். ஒரே மாடியில் இருந்துகொண்டு ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்காத நானும் அதில் சேர்த்தி.

போன வாரம் பதில் வந்தது. பத்து இடமும் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் மெலிசா மூன்றாவது. இப்போது அவள் புத்தகம் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கமாகப் பள்ளிக்குப் போய் அப்படியே திரும்புகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது ஐலீன் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினாள்.

"அந்த வகுப்புலேர்ந்து மூணு குடும்பம் வேற ஊருக்கு மாறிப் போகணும்னு ஜெபம் பண்றேன் ஆன்ட்டி. தப்பா?"

"தப்புதான். பண்ணு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்த ஸ்கூல் ஆபீஸ் திறந்ததும் போனும் பண்ணு."