சேங்கொட்டைத் தழும்பு

பாக்கியத்தின் மகனை மாரியாத்தா கொண்டுபோகவில்லை. நான்தான் கொன்றேன்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். கத்தியும் விஷமும் எடுத்தால்தான் கொலையா? நான் எடுத்தது ஒரு சேங்கொட்டை. சலவைக்காரர் துணியில் குறி போடுவாரே, அந்தக் கொட்டைதான். அதன் சாறு தோலில் பட்டால் வெந்து கொப்பளித்துவிடும்.

வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. பள்ளிக்கூடம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்தது. என் மகள் சிவகாமிக்குப் பள்ளியில் சேரும் வயது வந்திருந்தது. அவளைப் படிக்கவைக்க வேண்டும் என்று எனக்கு வெறி... ஆமாம், வெறிதான்! நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்.

என் கணவர் ஒரேயடியாக மறுக்கவில்லை. அதுதான் வினை.

"கருப்பையா தொணைக்குப் போனா இவளும் போகட்டும். கண்மாய்க் கரையில ஒத்தையில அனுப்பமாட்டேன். தொறக்கிற அன்னைக்கே போயிரணும். அப்பறம் பாத்துக்கலாம்னு இழுத்தீன்னா, ஆட்டப் பத்திக்கிட்டுப் போகட்டும்," என்றார்.

கருப்பையா, அடுத்த வீட்டுப் பாக்கியத்தின் ஒரே மகன். சிவகாமியின் வயதுதான் அவனுக்கும். பாக்கியம் புருஷனைப் பறிகொடுத்தவள், என்னைவிட இளையவள். நான் நாலெழுத்து படித்தவள் என்பதால் என் பேச்சை அப்படியே நம்புவாள்.

பள்ளி திறக்கும் சமயத்தில் அம்மைக்குத் தடுப்பு குத்துகிறவர் ஊருக்கு வந்தார். கையில் குத்திய அடையாளம் இல்லாத பிள்ளையை வாத்தியார் சேர்க்கமாட்டார். குத்தினாலோ கை வீங்கும், காய்ச்சல் வரும், பிள்ளை படுத்துவிடும். திறக்கிற நாள் தவறிவிடும்! என் மகள் படுத்தாலும் போச்சு, துணைக்குப் போகிறவன் படுத்தாலும் போச்சு... இதுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது.

இரண்டு பிள்ளைகளையும் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"குத்திக்கிட்டா நல்லதில்லையாக்கா? வைசூரி வராதுங்கிறாகளே," என்றாள் பாக்கியம்.

"அடி போடி! இந்தக் கொட்டையிலயும் அதே மருந்துதான் இருக்கு. காய்ச்சல்தான் வராது. நான் படிச்சிருக்கேன்ல?"

படித்திருக்கிறேனாம்! எவ்வளவு சுளுவாக வந்தது அந்தப் பொய்!

அம்மை குத்திய அடையாளம்போலத் தெரியட்டும் என்று கையில் சாற்றை வைத்தபோது சிவகாமி அலறினாள். கருப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு வலிக்கலயே பெரியம்மா," என்றான். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது.

பக்குக் கட்டிய புண்ணை வாத்தியார் ஒரு பார்வை பார்த்தார். பெயரை எழுதிக்கொண்டார். இரண்டும் கைகோத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால், அறியாமை என்று நீங்களே என்னை விட்டுவிடுவீர்கள். இனிமேல்தான் இருக்கிறது.

ஆடியில், பக்கத்து ஊரில் வைசூரி என்று சேதி வந்தது. அம்மா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, சிவகாமியைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அம்மை குத்திவரக் கிளம்பினேன்.

பாக்கியம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டுக்கா, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு?"

"அவனையும் கெளப்புடி" என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதுமே! ஆனால் சொன்னால் என் பொய் வெளிப்படுமே. படித்தவள் என்ற பெயர் போய்விடுமே. என் கணவர் காதுக்கு எட்டினால் சிவகாமியின் படிப்பே நின்றுவிடுமே. அந்த ஈர வாசலில் நின்றுகொண்டு இத்தனையும் யோசித்தேன்!

"எங்கம்மாவப் பாக்கத்தான்டி. வாரேன்," என்றேன்.

காய்ச்சல் தணியும்வரை சிவகாமியை என் தாய்வீட்டிலேயே வைத்திருந்தேன். புதிய புண்ணைச் சட்டைக் கைக்குள் மறைத்து ஊருக்குத் திரும்பினால், பாக்கியத்தின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது.

உள்ளே போனேன். கருப்பையாவை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். கண் திறக்க முடியவில்லை அவனுக்கு. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டான்.

"சிவகாமி ஒத்தையிலயா பள்ளிக்கூடம் போகுது, பெரியம்மா?"

மறுநாள் போய்விட்டான்.

பாக்கியம் என் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவளோ என் மடியில் விழுந்து, "நீயும் கொட்ட வச்சுக் காப்பாத்தத்தானக்கா பாத்த... மாரியாத்தா கேட்டுட்டா," என்று அழுதாள். அப்போதாவது வாயைத் திறந்தேனா? அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பாவி!

துணை போய்விட்டதே, இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார் என் கணவர். அதைக் கேட்டுப் பாக்கியம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"பிள்ள படிப்ப நிறுத்தாதீங்க அண்ணே. நான் கொண்டுபோயி விட்டுக் கூட்டியாரேன். எனக்கு இனி வேற என்ன வேல இருக்கு?"

அப்படியே செய்தாள். மழை, வெயில் பார்க்காமல், கண்மாய்க் கரையோடு என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று அனுப்பிவைத்தேன்.