வெளிக்கிடும்போது கேட்கக் கூடாத கேள்வி

கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைக் கசெட் பெட்டியின் விளிம்பால் சுரண்டும் ஓசை... நண்பர்களே, இன்றும் அது என் பற்களைக் கூசச் செய்கிறது.

தைப்பொங்கலுக்கு முந்திய வியாழக்கிழமை, பிற்பகல். அவர் போனது வெள்ளிக்கிழமை என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. வெள்ளியன்று எனக்கு வேலை. வியாழன்தான் நான் சுவிஸின் ஊஸ்டர் நகரில், இராசண்ணையின் வீட்டு வாசலில் நின்றேன்.

என்னோடு ஒரே உணவகச் சமையலறையில் வேலை செய்தவர் அவர். கார் வாங்கிய பின் வந்த முதல் குளிர்காலம்; கண்ணாடிப் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உந்தப் பனிக்குள்ளை காரோ? ரெயினிலை போகலாமே."

"நீ ரேடியோவிலை வானிலை வாசிக்கப் போடா! குளிர்கால டயர் போட்டாச்சு. இனி என்ன பயம்?"

அவருடைய மனைவி சரசக்கா கதவருகே வந்து, "எங்கை..." என்று தொடங்கினார்.

"வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்காதையும். போற காரியம் சரிவராது."

அக்கா மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். நம்மவர் வழக்கம் அதுதானே... எனக்கும் அப்போது தவறாகத் தோன்றவில்லை.

பொழுதுபட்டும் அவர் திரும்பவில்லை. கைப்பேசி இல்லாத காலம். வந்த பொலிஸ்காரர் கேட்டது ஒன்றைத்தான்: எங்கே போனார், எந்தப் பாதையால்?

"கேக்கேல்லை எண்டு சொல்லும், தம்பி," என்றார் அக்கா, மொழிபெயர்க்க வந்திருந்த என்னிடம்.

மனைவிக்கு எப்படித் தெரியாமற்போகும் என்று பொலிஸ்காரர் மறுபடியும் கேட்டார். சகுனத்தை விளக்க என்னிடம் ஜெர்மன் சொல் இருக்கவில்லை.

உறவினர் ஷாஃப்ஹவுசனில் இருந்ததால் அந்த வீதியில் தேடினார்கள். இராசண்ணையோ எதிர்த்திசையில், மலைக்கிராமம் ஒன்றுக்குப் புதுவேலை கேட்கப் போயிருந்தார்.

மறுநாள் காலையில் காட்டுவீதியோரப் பள்ளத்தில் கார் அகப்பட்டது. சறுக்கி இறங்கியிருந்தது, அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை, உயிரும் இல்லை. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டபடி உதவிக்குக் காத்திருந்திருக்கிறார். விழுந்துகொண்டிருந்த பனி புகைக்குழாயை மூட, நச்சுப்புகை உள்ளே நிறைந்துவிட்டது.

இன்று வீதி வழுக்குகிறதா என்பதைக் காரே அறிவிக்கிறது. பிள்ளைகளின் கார் எங்கே நிற்கிறது என்பதைக் கைப்பேசி காட்டுகிறது. ஆனாலும்...

சென்ற ஞாயிறு சரசக்காவின் பேத்திக்குப் பிறந்தநாள். வெளியே கடும் பனி. நான் காலணி மாட்டுகையில் அக்கா கதவை மறித்து நின்றார்.

"எங்கை போறீர், எந்தப் பாதையாலை?"

அண்மையில் ஊரிலிருந்து வந்த ஓர் அம்மா முகம் சுளித்தார். "என்ன சரசு, வெளிக்கிடுற நேரத்திலை..."

அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்டைதான் அக்கா. வின்டர்தூர்ப் பக்கத்தாலை."

அதன் பிறகே கதவை விட்டு விலகினார்.