மாமி வீட்டுக்குப் போன ரிசீவர்

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் ஹோலில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் நிற்கத்தான் வேண்டும். அந்த ஹோலுக்கென்றே செய்ததுபோல ஒரு பழைய ஸ்டீரியோ ரிசீவரை அப்பா எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் ஒன்றாய் அடங்கிய, புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய பெட்டி. வெள்ளி முகம், பக்கங்களில் மரம். இரண்டு ஸ்பீக்கர்களையும் இரண்டு மூலைகளில் வைத்து, நடுவில் என்னை உட்காரவைப்பார். பாடுகிறவர் என் மூக்குக்கு நேரே நின்று பாடுவார். சத்தம் கொஞ்சம் கூடினாலும் அப்பாவின் விரல் குமிழுக்குப் போய்விடும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்தப் பெட்டியை அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்த தன் தங்கைக்கு, அதுதான் என் மாமிக்கு, தூக்கிக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமிக்குப் பாட்டில் விருப்பம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதுமில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு மாமி வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரிசீவருக்கு மேல் தோய்த்த உடுப்புகள் மடித்துக் குவிந்திருந்தன. ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றன. நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்ற மூலைக்குப் போனேன்.

"அதை அங்கயே வை, பிள்ளை," என்றார் மாமி.

"இப்பிடி வச்சா ஸ்டீரியோ கேக்காது, மாமி!"

"எனக்கு இது காணும், இவ்வளவு போதும்."

அப்போதுதான் மாமியின் கணவர், எங்கள் மாமா, வந்தார். வாசலிலேயே மாமியின் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். மாமி ஓடிப்போய்க் குமிழை முழுவதுமாகத் திருப்பினார். பாட்டுக்கூட இல்லை, சவர்க்கார விளம்பரம் ஒன்று வீடு அதிர அலறியது. மாமா அவரை உள்ளறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"வா, போவம்," என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். ஸ்பீக்கர் கிழியப் போகிறது என்று படி முழுக்கக் கத்திக்கொண்டே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போய் நின்றேன். "மாமிக்கு அதைப் பாவிக்கவே தெரியாது. உடன போய் எடுத்துக்கொண்டு வாங்கோ!"

"அவள் கேட்டவள், குடுத்தனான்."

"ஏன் கேட்டவ?"

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "பக்கத்து வீட்டுக்காரருக்கு எல்லாம் கேக்குதாம்."

"கேக்காம என்ன செய்யும்? அவ்வளவு சத்தமாப் போட்டா!"

அம்மா எழுந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சாப்பிடவே மறுத்தேன்.

மாமி கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார். இப்போது நினைத்தால் என் கோபம் இன்னும் கூடுகிறது. அடிபடுகிற தங்கைக்கு ஓர் அண்ணன் கொடுத்தது, சத்தத்தை மறைக்க ஒரு பெட்டி. அதைத் திருப்பி எடுத்து வரச் சொல்லி நான் அடம்பிடித்தேன். மாமியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.