கை நனைக்காத வழக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜவ்வாது மலையில் சாமை அறுவடை முடிந்திருந்த நேரம். மலைமேல் இருக்கும் என் பிறந்த வீட்டில் தையல் மிஷினோடு போய் இறங்கினேன். கீழே கலசப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட நான், மாதக்கணக்கில் அங்கே தங்க வந்ததற்குக் காரணம் அப்பாவின் தொப்பை.

சிரிக்காதீர்கள். அப்பாவுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். ஆனால் இந்த எடைக்கும் சர்க்கரைக்கும் மயக்க மருந்து கொடுக்க முடியாது, முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாம். அவசரத்துக்கு மலையை விட்டு இறங்க எங்கள் ஊரில் பஸ்ஸை நம்ப முடியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவராகக் குறைப்பார் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

வந்த அன்றே சட்டம் போட்டேன். அளவாகச் சாமைச் சோறு, நிறையக் கீரை, சர்க்கரை போடாத டீ. டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் மெதுவாக நடை. முணுமுணுத்தாலும் அப்பா கேட்டுக்கொண்டார். ஆனால் சுகாதார நிலையத்து எடை மிஷினில் முள் அசைவேனா என்றது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒளித்து வைத்துத் தின்கிறாரோ என்று வெல்ல டப்பாவரை துழாவிப் பார்த்தேன்.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எங்கள் ஊரில் வழக்கு பேசித் தீர்த்து வைப்பவர் அப்பாதான். பேசி முடித்ததும் இரண்டு தரப்பு வீட்டிலும் அவர் கை நனைக்க வேண்டும். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்தால், அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்பார்கள். இங்கே ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் அங்கேயும் விழ வேண்டும். நியாயம் பேசிப் பேசியே மனிதர் பெருத்திருக்கிறார்!

கேட்டபோது, "சோத்த வேணாம்னு எழுந்தா வழக்கு தீர்லன்னு அர்த்தம்மா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

புளி உலுக்கும் சமயத்தில் அடுத்த வழக்கு வந்தது. வரப்பில் நின்ற புளியமரத்துக்காக அண்ணன் தம்பி இருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று அப்பா தடுத்தும் நானும் கூடவே போனேன். புளியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. உடனே இரண்டு வீட்டிலிருந்தும் சாப்பிட அழைப்பு. கோழிக் குழம்பு வாசனை வேறு.

அங்கே பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் இல்லை. நான் எழுந்தேன்.

"எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணணும். வூட்டுக்கு வூடு நீங்க போடற சோறுதான் அதத் தள்ளிப் போடுது. இன்னிக்கி அவரு எங்கயும் சாப்பிட மாட்டாரு."

அந்த அண்ணன்காரரின் மனைவிக்கு முகம் வாடிவிட்டது. அப்படியென்றால் எங்கள் வீடு ஆகாத வீடா என்று கேட்டார். அப்பாவின் முகமோ கறுத்துவிட்டது. கை ஓங்கிவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன். ஆனாலும் உட்காரவில்லை.

அப்பா இரண்டு வீட்டாரையும் பார்த்துச் சொன்னார். "ரெண்டு வூட்லயும் ஆளுக்கொரு சொம்பு தண்ணி குடுங்க. குடிச்சிட்டுப் போறேன். வழக்கு தீந்துச்சி."

ஊருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று சில நாட்கள் என்னோடு பேசவில்லை. நானும் கெஞ்சவில்லை. சாமைச் சோற்றை மட்டும் தட்டில் வைத்துவிட்டுத் தையலில் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் அடுத்த வழக்கில், "எனக்குத் தண்ணி போதும்" என்று அவராகவே முன்கூட்டியே சொன்னாராம். கேள்விப்பட்டதும் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டேன். மெல்ல மெல்லச் சட்டை தொளதொளத்தது, சர்க்கரையும் இறங்கியது. மழைக்காலம் வருவதற்குள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அந்தப் புளியமரத்து அண்ணன்காரரின் மனைவி கஞ்சித் தூக்கோடு வந்தார். அப்பாவின் முன்னால் கிண்ணத்தை வைத்து, கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எவ்ளோ ஊத்தட்டும், நீயே சொல்லு."

அப்பாவின் தட்டோடு மட்டும் மல்லுக்கட்டியிருந்தால் நான் தோற்றுத்தான் போயிருப்பேன். பாசத்தோடு பரிமாறுகிறவர்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டதுதான் அவரை எனக்கு மீட்டுத் தந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.